வில்லைக் கையளித்த வித்தகர் லியோபோல்டு ஔவர்

கோயில் கட்டியவன் கோபுரத்தை விட்டுச் செல்கிறான். நூல் எழுதியவன் ஏட்டை விட்டுச் செல்கிறான். ஒலிப்பதிவுக் கருவி பரவுவதற்கு முன் வாழ்ந்த இசைவாணனோ, அரங்கின் விளக்கு அணையும்போதே தன் கலையையும் உடன் கொண்டு போய்விட்டான். அத்தகையவன் நமக்கு விட்டுச் செல்லக்கூடிய செல்வம் பெரும்பாலும் ஒன்றே. அது அவனிடம் பாடம் கேட்ட மாணாக்கர் கூட்டம். இவ்வகையில் இசையுலகம் நன்றியோடு நினைக்கும் பெயர்களுள் ஒன்று லியோபோல்டு ஔவர் என்பது. மேடையில் பெரும்புகழ் பெற்ற வயலின் கலைஞராகிய அவர், 49 ஆண்டுகள் ஒரே கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்து, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வயலின் கலைஞர்களுள் பலரை உருவாக்கினார். அவருடைய வாழ்வையும், அவர் வகுப்பு நடத்திய திறத்தையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

வயலின் நமக்கு அயலான கருவியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆகியோர் வழியாகக் கருநாடக இசையில் இடம்பெற்ற அக்கருவி இன்று நம் கச்சேரி மேடைகளில் நிலைபெற்றுவிட்டது. நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலின்மேல் ஊன்றி வாசிப்பர். மேலைநாட்டார் நின்றபடியே தோளுக்கும் தாடைக்கும் இடையில் அதனைத் தாங்கி வாசிப்பர். முறை வேறாயினும் இரு மரபுகளிலும் வில் பிடித்தவனுக்கு ஆசான் இன்றியமையாதவன் என்பதில் ஐயமில்லை.

இளமையும் வறுமையும்

ஔவர் 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அங்கேரி நாட்டின் வெஸ்பிரேம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழை யூதக் குடும்பம் அது. தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர். ஊரில் இருந்த இசையாசிரியரிடம் வயலின் கற்கத் தொடங்கிய சிறுவன், பின்னர் புடாபெஸ்டு நகரின் இசைக்கல்லூரியில் ரிட்லி கோனே என்பவரிடம் பயின்றான். மெண்டல்சோன் இயற்றிய வயலின் கன்செர்டோவை அச்சிறுவன் மேடையில் வாசிக்கக் கேட்ட செல்வர் சிலர், அவனை வியன்னாவுக்கு அனுப்பி மேற்கல்வி பெறப் பொருளுதவி செய்தனர். கன்செர்டோ என்பது தனிக்கலைஞர் ஒருவர் முன்னின்று வாசிக்க, பெரிய வாத்தியக் குழு அவரோடு இணைந்தும் எதிர்நின்றும் இசைக்கும் நெடும் படைப்பு என்பதை இங்கே குறித்துக்கொள்வது நலம்.

வியன்னாவில் யாகோப் டோன்ட் என்பாரின் இல்லத்திலேயே தங்கி அவர் பாடம் கற்றார். டோன்ட் இயற்றிய பயிற்சிப் பாடங்கள் இன்றும் உலகெங்கும் வயலின் மாணவர்களால் பயிலப்படுகின்றன. தம் விரல்களுக்கும் வில்லுக்கும் அடித்தளம் இட்டவர் டோன்ட் அவர்களே என்று ஔவர் முதுமையிலும் மறவாமல் எழுதினார். நம் நாட்டுக் குருகுலத்தை ஒத்த அந்த வாழ்க்கை நெடிது நீடிக்கவில்லை. பதின்மூன்று வயதளவில் உதவித்தொகை நின்றுபோயிற்று. வேறு வழியறியாத தந்தையார், மகனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சிறு கச்சேரிகள் நடத்தலானார். பெரிய கலைஞர் எவரேனும் சிறுவனை மாணவனாக ஏற்பாரா என்ற ஏக்கமும் அப்பயணத்தில் உடன் சென்றது.

கிராட்ஸ் நகரில் அதற்கொரு வாய்ப்பு வந்தது. புகழ்பெற்ற பெல்ஜியக் கலைஞர் ஆன்ரி வியூதாம் அவர்கள்முன் வாசிக்க அனுமதி கிடைத்தது. உணர்ச்சி மிகுந்து இசைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், சிறுவன் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலை அளவுக்கு மீறி இழைத்து இழைத்து வாசித்தான். அப்போது வியூதாமின் மனைவியார் எழுந்து, அறையின் மூலைமுடுக்குகளிலெல்லாம் குனிந்து எதையோ தேடத் தொடங்கினார். பூனை ஒன்று எங்கோ கத்துகிறது என்பதே அத்தேடலுக்கு அவர் சொன்ன காரணம். தந்தையும் மகனும் தலைகுனிந்து வெளியேறினர். வேறொருவராயின் அவமானத்தில் வில்லை முறித்திருக்கலாம். அச்சிறுவனோ அந்த ஏளனத்துக்குள் இருந்த உண்மையைப் பற்றிக்கொண்டான். தேவையற்ற இழைப்பையும் அதிர்வையும் அன்றே விலக்கினான். பிற்காலத்தில் தம் மாணவர்களிடம் அக்குற்றத்தை அவர் சிறிதும் பொறுத்ததில்லை.

யோவாகிம் காட்டிய ஒளி

1861ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனை ஆயிற்று. ஜெர்மானிய நாட்டின் ஹனோவர் அரசவையில் முதல் வயலின் கலைஞராக வீற்றிருந்த யோசப் யோவாகிம் அவரை மாணவராக ஏற்றார். 1863 வரை அவரிடம் பயின்ற காலத்தைத் தம் இரண்டாம் பிறப்பாகவே ஔவர் கருதினார் எனலாம். யோவாகிம் விரலைப் பற்றியோ வில்லைப் பற்றியோ மிகுதியாக விளக்கும் வழக்கம் உடையவர் அல்லர். தம் கருவியை எடுத்து, இப்படி வாசிக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டுவார். அதனை எவ்வாறு அடைவது என்பதை மாணவனே தன் அறையில் தேடிக் காண வேண்டும். புரிந்துகொள்ளும் ஆற்றல் உடையவனுக்கு அது பெரும் விருந்து. அவ்வாற்றல் இல்லாதவனுக்கோ பூட்டிய கதவு. கைத்திறன் வேறு, இசையின் உட்பொருள் வேறு என்ற தெளிவை ஔவர் அங்கேதான் பெற்றார்.

பின்னர் டூசெல்டார்ஃப், ஹாம்பர்க் நகரங்களில் வாத்தியக் குழுக்களின் தலைமைக் கலைஞராகப் பணியாற்றினார். 1868ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனில், பியானோ மேதை அன்டன் ரூபின்ஸ்டைன், செல்லோக் கலைஞர் பியாட்டி ஆகியோருடன் சேர்ந்து பேத்தோவனின் படைப்பு ஒன்றை வாசித்தார். ரூபின்ஸ்டைன் 1862ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கன்சர்வேட்டரி என்னும் இசைக்கல்லூரியை நிறுவியவர். அங்கே வயலின் பேராசிரியராக இருந்த வீனியாவ்ஸ்கியின் இடம் அப்போது காலியாகியிருந்தது. இருபத்து மூன்று வயதே நிரம்பிய ஔவருக்கு அப்பதவி வந்து வாய்த்தது. மூன்றாண்டு ஒப்பந்தத்தின்பேரில் சென்றவர், 1917 வரை அந்நகரிலேயே நிலைத்துவிட்டார்.

வகுப்பு நடந்த முறை

அடிப்படைப் பயிற்சி முடித்த மாணவர்களை ஓரிடத்தில் அமர்த்தி, ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்டிருக்க, தேர்ந்த கலைஞர் ஒருவர் திருத்திச் சொல்லும் முறையை மேலைநாட்டார் மாஸ்டர் கிளாஸ் என்பர். ஔவரின் வகுப்பு இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வாரத்தில் இரு நாள் வகுப்பு நடக்கும். அறையில் பியானோ இருக்கும். துணைவாசிப்பவர் ஒருவரும் இருப்பார். வாசிக்கும் மாணவனைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பர் என்று அவரிடம் பயின்ற நதான் மில்ஸ்டீன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஆகவே ஒவ்வொரு பாடமும் ஒரு கச்சேரியாகவே அமைந்தது. தவறு செய்தால் நாற்பது பேர் அறிவர். நன்றாக வாசித்தாலும் அந்த நாற்பது பேரே முதல் இரசிகர்கள். மேடை அச்சம் என்பது அவ்வகுப்பறையிலேயே தேய்ந்து மறைந்தது.

விரற்பயிற்சியிலும் வில்லோட்டத்திலும் உள்ள குறைகளை வகுப்புக்கு வருமுன்பே நீக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதற்கு நல்பாண்டியன் முதலிய உதவியாசிரியர்கள் துணைபுரிந்தனர். வகுப்பில் ஔவர் நாடியது இசையின் பொருளை. தமக்கு யோவாகிம் காட்டிய வழியையே அவர் பின்பற்றினார் என்றாலும், ஒரு வேறுபாடு உண்டு. தம் வாசிப்பை மாணவன் அப்படியே நகல் எடுப்பதை அவர் விரும்பவில்லை. ஒவ்வொருவனும் தன் குரலைத் தானே கண்டடைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். சினம் மிக்கவர், கவனக்குறைவைக் கண்டால் கடிந்து பேசத் தயங்காதவர். ஆயினும் வறிய மாணவனுக்கு உதவித்தொகை, நல்ல கருவி, ஆதரிக்கும் புரவலர் ஆகியவற்றைத் தேடித் தருவதில் அவருக்கு நிகர் அவரே.

அவர் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட வயலின் பயிற்சி நூலில் மாணவர் அனைவரும் கருத்தில் கொள்ளத்தக்க செய்திகள் பல உள்ளன. மனம் எங்கோ திரிய விரல் மட்டும் இயங்கும் பயிற்சி பயனற்றது என்கிறார். அரைமணி நேரம் முதல் நாற்பது நிமிடம் வரை ஊன்றிப் பயின்றபின் சற்றே ஓய்வு கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார். வில்லைப் பிடிக்கும் முறைக்கு ஒரே விதி கூற இயலாது. கையும் விரலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்கிறார். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவருடைய மாணவர்கள் பலர் வில்லைப் பிடித்த விதத்தை உற்றுநோக்கிய ஆசிரியர் கார்ல் ஃபிளெஷ், அதற்கு உருசியப் பிடி என்று பெயர் சூட்டினார். உலகம் அப்பிடியை ஔவரின் பெயரோடு சேர்த்துப் பேசிற்று. அவரோ அப்படி ஒரு விதியைத் தம் நூலில் வகுக்கவே இல்லை.

இத்துணைத் திறம் வாய்ந்தவரின் கைகள் வலிமையும் நல்லமைப்பும் உடையனவாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. தம் கைகள் வலுவற்றவை, அமைப்பிலும் குறையுடையவை என்றும், சில நாள் வாசிக்காவிடின் கலையே கைவிட்டுப் போனதுபோல் தோன்றும் என்றும் அவரே எழுதியுள்ளார். எளிதில் கைவரப் பெற்றவனுக்குத் தடுமாறுவோனின் துன்பம் விளங்காது. ஒவ்வொரு படியாக ஏறியவனே பிறனுக்குப் படி காட்ட வல்லவன். ஔவர் சிறந்த ஆசிரியர் ஆனதற்கு அவருடைய கைகளின் குறையும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

மறுத்ததும் ஏற்றதும்

ஔவரின் வாழ்வில் வரலாறு மறவாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. உருசிய இசைமேதை சைகாவ்ஸ்கி 1878ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் தங்கியிருந்தபோது ஒரு வயலின் கன்செர்டோவை இயற்றி, அதனை ஔவருக்கே உரிமையாக்கினார். மறு ஆண்டில் அதனை அரங்கேற்றவும் ஏற்பாடாகியிருந்தது. ஆனால் அப்படைப்பின் சில பகுதிகள் வயலினின் இயல்புக்குப் பொருந்தவில்லை, திருத்தம் வேண்டும் என்று கருதிய ஔவர் அதனை வாசிக்கவில்லை. காலம் கடந்தது. சைகாவ்ஸ்கியின் மனம் புண்பட்டது. இறுதியில் அடோல்ஃப் பிராட்ஸ்கி என்னும் கலைஞர் 1881ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வியன்னாவில் அதனை முதன்முதலாக வாசித்தார். உரிமையும் அவர் பெயருக்கே மாற்றப்பட்டது.

ஆசான் பிழைபட்டார் என்று ஒரு சாராரும், அவர் சொன்ன குறைகளில் பொருள் உண்டு என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் வழக்காடினர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் பணியன்று. பின்னர் அவர் நடந்துகொண்ட விதமே நம் கருத்தைக் கவர்கிறது. தாம் ஒருமுறை மறுத்துவிட்டோமே என்று பிடிவாதம் கொள்ளாமல், அப்படைப்பைத் தாமே மேடையில் வாசித்தார். தம் திருத்தங்களுடன் அதனை மாணவர்களுக்கும் கற்பித்தார். அம்மாணவர்களின் வில் வழியே அப்படைப்பு உலக மேடைகளில் பவனி வந்தது. உரிய காலத்தில் முன்வராதது குறித்துத் தாம் வருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. கற்றவர் தம் முடிவை மாற்றிக்கொள்வது இழுக்காகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. 1904ஆம் ஆண்டில் கிளாசுனோவ் இயற்றிய வயலின் கன்செர்டோவும் ஔவருக்கே உரிமையாக்கப்பட்டது. அதனை அடுத்த ஆண்டே அவர் அரங்கேற்றினார்.

ஊருக்குள் இடமில்லாதவர்

ஜார் மன்னர் ஆட்சியில் யூதர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க இயலாது. பேரரசின் மேற்கு எல்லைப் பகுதியில் அவர்களுக்கென வரையறுக்கப்பட்ட மாவட்டங்களிலேயே வாழ வேண்டும். தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் தங்கச் சிறப்பு அனுமதி வேண்டும். திறமை மிக்க யூதச் சிறுவன் கன்சர்வேட்டரியில் சேர்ந்தால் அவனுக்கு அனுமதி கிடைக்கும். அவனைப் பெற்றவர்களுக்கோ கிடையாது. பத்து வயதுப் பாலகன் அயலூரில் தனியே எவ்வாறு வாழ்வான்? எத்தனையோ திறமைகள் இந்த ஒரு கேள்வியிலேயே கருகிப் போயிருக்கக்கூடும்.

ஔவர் கச்சேரிக்காக வில்னா நகருக்குச் சென்றிருந்தபோது, அவருடைய பழைய மாணவர் மால்கின் என்பவர் ஒரு சிறுவனை அழைத்து வந்து, ஒருமுறையேனும் கேட்கும்படி வேண்டினார். யாஷா ஹைஃபெட்ஸ் என்பது அச்சிறுவனின் பெயர். கேட்டமாத்திரத்தில் அவன் பெருமை ஔவருக்கு விளங்கிற்று. 1910ஆம் ஆண்டு யாஷா கன்சர்வேட்டரியில் சேர்ந்தான். தந்தை தலைநகரில் தங்கச் சட்டம் இடந்தரவில்லை. அப்போது ஒரு வழி காணப்பட்டது. தாமும் வயலின் வாசிக்கத் தெரிந்த தந்தையையே ஔவரின் வகுப்பில் மாணவராகப் பதிவு செய்துகொள்வது என்பதே அது. நாற்பது வயதை ஒட்டிய தந்தையும் பத்து வயதை ஒட்டிய மகனும் ஒரே கல்லூரியின் மாணவர்கள் ஆயினர். சட்டத்தின் சொல் காக்கப்பட்டது. பிள்ளையும் தந்தையைப் பிரியவில்லை. வேறு பல யூத மாணவர்களுக்கும் குடியிருப்பு அனுமதி பெற்றுத்தர, அதிகாரிகளிடம் தமக்கிருந்த செல்வாக்கை ஔவர் பயன்படுத்தினார். வறுமையும் ஏளனமும் அறிந்த வெஸ்பிரேம் சிறுவனை அவர் தமக்குள் மறவாமல் வைத்திருந்தார் என்பதை இச்செயல்கள் காட்டுகின்றன.

பல மலர்கள் பூத்த தோட்டம்

அவருடைய மாணவர் வரிசை நீண்டது. மீஷா எல்மன் 1904ஆம் ஆண்டு பெர்லின் மேடையில் தோன்றி வியப்பை விளைத்தார். எஃப்ரம் ஜிம்பலிஸ்ட் 1907ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்தார். கனடா நாட்டிலிருந்து கேத்லீன் பார்லோ என்னும் பெண்மணி 1906ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். ஹைஃபெட்ஸ், டோஷா சைடல், மில்ஸ்டீன் எனப் பெயர்கள் தொடர்கின்றன. கோடை விடுமுறையில் இலண்டனிலும், பின்னர் டிரெஸ்டன் நகரை அடுத்த லோஷ்விட்ஸிலும் அவர் வகுப்புகள் நடத்தினார். 1914இல் உலகப்போர் மூண்டபோது ஆசானும் மாணவர்களும் லோஷ்விட்ஸில் இருந்தமையால், பகைநாட்டில் அகப்பட்டுப் பெரும் இன்னலுற்றனர்.

இம்மாணவர்களுள் எவரும் மற்றவரைப் போல வாசித்தாரில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எல்மனின் நாதம் செழுமையானது. ஹைஃபெட்ஸின் வாசிப்பு அப்பழுக்கற்ற துல்லியம் உடையது. ஜிம்பலிஸ்ட் அடக்கத்துக்குப் பெயர் பெற்றவர். மில்ஸ்டீனிடம் நயமும் நளினமும் மிக்கிருந்தன. இன்னும் ஒன்று. சுரத்தை விரலால் இடைவிடாது அதிரச் செய்வதை ஔவர் ஒரு நோயைப் போலவே கருதிக் கண்டித்தார். அவருடைய மாணவர்களோ அவ்வதிர்வைத் தாராளமாகக் கையாண்டே உலகை வென்றனர். கண்டித்த ஆசான் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அவர்கள் வெற்றியில் பெருமிதமே கொண்டார். கருத்து மாறுபட்ட மாணவனையும் தன் மாணவனாகவே போற்றும் பண்பு ஆசிரியப் பணியின் கடினமான பகுதி அன்றோ!

கடல் கடந்த முதுமை

1917ஆம் ஆண்டுப் புரட்சி உருசிய நாட்டைப் புரட்டிப் போட்டது. யூதர்களுக்கான குடியிருப்புத் தடை அவ்வாண்டில் நீங்கிற்று. ஆனால் அமைதியான கல்விப் பணிக்கு அந்நகரில் இடமில்லாது போயிற்று. கோடைக்காலத்தைக் கழிக்க நார்வே நாட்டுக்குச் சென்ற ஔவர் திரும்பவில்லை. 1918ஆம் ஆண்டு பிப்ரவரியில், எழுபத்திரண்டாம் வயதில், நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் வாழ்வை மீண்டும் தொடங்கினார். அவருக்கு முன்பே அவருடைய புகழ் அங்கே சென்று காத்திருந்தது. 1917 அக்டோபர் 27 அன்று கார்னகி அரங்கில் பதினாறு வயது ஹைஃபெட்ஸ் நிகழ்த்திய முதல் கச்சேரி அமெரிக்கரை வியப்பில் ஆழ்த்தியிருந்தது.

நியூயார்க்கில் வகுப்புகள் தொடர்ந்தன. மூன்று நூல்கள் எழுதி வெளியிட்டார். 1925ஆம் ஆண்டு அவருடைய எண்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி அதே கார்னகி அரங்கில் விழா எடுக்கப்பட்டபோது, ஹைஃபெட்ஸ், ஜிம்பலிஸ்ட், பியானோ மேதைகள் ரக்மானினோவ், ஹாஃப்மன் முதலியோர் மேடையேறி இசையால் வணங்கினர். 1926இல் நியூயார்க் இசைக்கலை நிறுவனத்திலும், 1928இல் ஃபிலடெல்ஃபியா நகரின் கர்டிஸ் இசைக்கழகத்திலும் ஆசிரியப் பொறுப்பேற்றார். கர்டிஸ் கழகத்துக்கு 1941இல் இயக்குநரானவர் அவர் மாணவர் ஜிம்பலிஸ்ட்டே ஆவார். முன்பு கோடை வகுப்புகள் நடத்திய லோஷ்விட்ஸ் ஊரில் 1930ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஔவர் காலமானார். அவர் உடல் அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டு நியூயார்க்கை அடுத்த ஹார்ட்ஸ்டேலில் அடக்கம் செய்யப்பட்டது.

நிறைவாக

ஔவரின் வாசிப்பை இன்று நாம் கேட்க விரும்பினால், 1920ஆம் ஆண்டில், எழுபத்தைந்தாம் வயதில், அவர் பதிவு செய்த இரண்டு சிறு இசைப்பகுதிகள் உள்ளன. ஒன்று சைகாவ்ஸ்கியின் மெல்லிசை. மற்றொன்று பிராம்ஸ் அமைத்த அங்கேரிய நடன இசை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் ஒலித்த வில்லின் ஒலியில் எஞ்சியது அவ்வளவே. அவர் மாணவர்கள் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளோ ஏராளம். அவற்றைக் கேட்போர், ஆசானின் வாசிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அவற்றைக் கொண்டு அறிய முடியாது. அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆசான் என்பதை அந்த வேறுபாடே நன்கு உணர்த்தும்.

கற்பிக்கும் பணியில் இருப்போர்க்கும் கற்கும் மாணவச் செல்வங்களுக்கும் இவ்வாழ்வில் கொள்ளத்தக்கன பல உள. தன் குறையை அறிந்து உழைத்தல், ஏளனத்திலும் உண்மையைக் காணல், தவறிய முடிவைத் திருத்திக்கொள்ளல், வாசலில் தடுக்கப்பட்டவனுக்கு உள்ளே வர வழி தேடித் தருதல் ஆகியன அவற்றுள் தலையாயவை. இசை பயில்வோர்க்கு மட்டுமன்றி எக்கலை பயில்வோர்க்கும் இவை பொருந்தும் என்பது நம் துணிபு.